ஏழெழுத்துப் பொறாமை

மழைக்கு எல்லா ஷட்டரையும் இறக்கிவிட்டிருந்ததால் பஸ்ஸுக்குள் ஒரே புழுக்கம். சோமனூரில் ஏறியபோது லோகப்பிரியாவுக்கு ஜன்னலோரம் கிடைக்கவில்லை. நடைவழி ஓரத்தில் உட்கார்ந்து, கைப்பையை மடியில் அணைத்துக்கொண்டு, செல்போனுக்குள் தலையை விட்டிருந்தாள். சூலூரில் ஒரு கூட்டம் ஏறியது. அதில் ஒருவன் அவள் தலைக்கு மேலே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். நனைந்த சட்டைக் கையிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர்... சரியாக அவள் திரையில் விழுந்தது.

"மன்னிச்சுக்கோங்க" என்றான். துடைத்துவிட நீண்ட கை, பாதியிலேயே வெட்கப்பட்டுத் திரும்பிப் போனது.

அவள் துப்பட்டா நுனியால் துடைத்துவிட்டு மறுபடியும் குனிந்தாள். திரையில் தேன்கூடு மாதிரி ஏழு அறைகள். ஏழு ஆங்கில எழுத்துகள். அவற்றை வைத்து எத்தனை வார்த்தை வேண்டுமானாலும் கட்டலாம். ஒரே எழுத்தைத் திரும்பத் திரும்பப் போடலாம். ஆனால் நடு அறையில் இருக்கும் எழுத்து மட்டும் கட்டாயம் வரவேண்டும். ஏழெழுத்தும் வருகிற வார்த்தை கிடைத்துவிட்டால் அன்றைக்குப் பெரிய வெற்றி.

இன்றைக்கு நடுவில் பி. சுற்றிலும் சி, ஓ, ஆர், ஏ, டி, ஈ. சூலூருக்கு முன்னால், கருமத்தம்பட்டி வருவதற்குள்ளேயே 'கார்ப்பரேட்' கிடைத்திருந்தது. கொஞ்ச நேரத்தில் 'கோஆப்பரேட்'. ஏழெழுத்தும் வருகிற வார்த்தை இன்னும் ஒன்று பாக்கி என்றது திரை.

"ஏனுங்க... மூணாவது ஒண்ணு இருக்குதுங்க."

மேலேயிருந்துதான் குரல்.

"இருக்குதுன்னு அதுலயே போட்டிருக்குதுங்க" என்றாள், நிமிராமலே. "நானே கண்டுபிடிச்சுக்குவேன்."

"செரிங்க."

ஒண்டிப்புதூர் வந்தது. வார்த்தை வரவில்லை. தலைக்கு மேல் நிற்கிறவனுக்கு அது தெரியும் என்பதே அவளுக்குப் பிடிக்கவில்லை. இந்த விளையாட்டில் அவளை மிஞ்ச வீட்டிலும் ஆளில்லை, வேலை பார்க்கிற இடத்திலும் ஆளில்லை. பொறுக்கமாட்டாமல் நிமிர்ந்தாள்.

பளிச்சென்று இரண்டு கண்கள். கரிய, அகன்ற, சிரிக்கத் தயாராக இருக்கிற கண்கள். இமை மயிரில்கூட மழை ஒட்டிக்கொண்டிருந்தது...

"செரி, சொல்லுங்க. என்ன வார்த்தை?"

அவன் வாயைத் திறந்தான். மூடிக்கொண்டான். காது மடல் இரண்டும் சிவந்தன.

"வேண்டாங்க."

"ஏன்?"

"பஸ்ஸுல சொல்ற மாதிரி இல்லீங்க."

"தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லிப்போடலாம்."

"தெரியுங்க. ஆனா..."

"சும்மா படம் காட்டறவங்களை நான் நெறையப் பாத்திருக்கேனுங்க."

பக்கத்து இருக்கை அம்மாள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். சிங்காநல்லூரில் அவன் இறங்கினான். இறங்கி, மழையில் நின்று ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். திமிர் என்று நினைத்துக்கொண்டாள் லோகப்பிரியா.

ராமநாதபுரத்தில் ஒரு கண் மருத்துவமனையில் பார்வைப் பரிசோதகர் வேலை அவளுக்கு. பதினோரு மணி டீயின்போது, யாரோ ஒரு பெரியவருடைய கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தவளுக்குத் திடீரென்று அந்த வார்த்தை வந்தது. 'ப்ரோக்ரியேட்'. பிள்ளை பெற்றுக்கொள்வது.

அறிமுகமே இல்லாத பெண்ணிடம், நிறைந்த பஸ்ஸில்... பாவம். கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டுத் தனியாகச் சிரித்தாள். முகமெல்லாம் சூடாகிவிட்டது.

மறுநாள் அவன் ஏறியதும் அவளைப் பார்த்துவிட்டுப் பின்னாலேயே நின்றுகொண்டான். அவள்தான் திரும்பிச் சொன்னாள்.

"கண்டுபிடிச்சுப்போட்டேனுங்க."

"ஓ..." காது மறுபடி சிவந்தது.

"நீங்க சொல்லாததே நல்லதுங்க."

அவ்வளவுதான். இருவருக்கும் சிரிப்பு அடங்கவில்லை. அப்படித்தான் அவன் பெயர் கதிர்வேல் என்றும், சிங்காநல்லூரில் ஒரு பம்ப் கம்பெனியில் வடிவமைப்புப் பிரிவில் இருக்கிறான் என்றும், சூலூரில் அம்மா மட்டும்தான் என்றும் அவளுக்குத் தெரிந்தது.

அதன்பிறகு சூலூர் எப்போது வரும் என்றிருந்தது. அவன் ஏறியதும் செல்போனை அவன் பார்க்கிற மாதிரி சாய்த்துப் பிடிப்பாள். முதலில் சொல்கிறவர்களுக்குத்தான் வார்த்தை. பெரும்பாலும் அவள்தான் முந்துவாள். ஒருநாள் வெளியே மழை என்றும் சொல்ல முடியாத, வெயில் என்றும் சொல்ல முடியாத ஒரு சாரல். கண்ணாடியில் பூப்பூவாக ஒட்டிக்கொண்டிருந்தது.

"இதுக்கு இங்கிலீஷ்ல என்னங்க?" என்றாள்.

"ட்ரிஸில்."

"அதைவிடப் பொடிசு. மிஸில்."

"மிசைலா? சூலூர்க்காரன்கிட்ட மிசைல்னு சொன்னா எங்கூரு ஏர்ஃபோர்ஸ் ஸ்டேஷனைத்தாங்க நினைப்பான்."

"மிஸில்... எம், ஐ, ரெண்டு ஸெட், எல், ஈ. பனி மாதிரி பேயற தூறல்."

"மிஸில்" என்று அவன் மெதுவாகச் சொல்லிப் பார்த்தான். "நல்லாருக்குதுங்க. இது நீங்க எனக்குக் குடுத்த வார்த்தை. யாருக்கும் தரமாட்டேன்."

விளையாட்டாகத்தான் சொன்னான். அவளோ அன்று முழுவதும் அதை மனசுக்குள் உருட்டிக்கொண்டே இருந்தாள்.

இன்னொரு நாள் அவன் தலைவலி என்று மருத்துவமனைக்கே வந்துவிட்டான். நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் பார்க்கிறவன், வந்தது நியாயம்தான். ஆனாலும் வரிசையில் அவன் பெயரைக் கூப்பிடும்போது அவள் குரல் அவளுக்கே புதிதாகக் கேட்டது. இருட்டு அறை. ஒளிப்பொட்டு. அவன் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் அவள் முகம்.

"எங்க பாக்கணுமுங்க?"

"என் காதைப் பாருங்க. ஆடாம."

ஒளிப்பொட்டை அவன் கண்ணுக்கு நேரே கொண்டுபோனாள்.

"கம்மல் நல்லாருக்குங்க."

"பேசக் கூடாது" என்றாள். விளக்கை அடுத்த கண்ணுக்கு மாற்றினாள்.

கண்ணில் குறை ஒன்றும் இல்லை என்று எழுதிக்கொடுத்தாள். குறை அவள் கண்ணில்தான். அன்றைக்கு வந்தவர்கள் எல்லோரும் கொஞ்சம் கதிர்வேல் மாதிரியே தெரிந்தார்கள்.

அந்த வாரம்தான் அவன் சொன்னான். கோவை ரேஸ்கோர்ஸ் பகுதியில் அனீஸ் என்கிற நண்பர் காப்பிக்கடை வைத்திருக்கிறார். ஞாயிறுதோறும் அங்கே இதே விளையாட்டை, காகிதத்தில், ஜோடி ஜோடியாக ஆடுவார்கள். "நீங்களும் வாங்களேன்."

ஜோடி ஜோடியாக... அவளுக்குள் என்னவோ படபடத்தது. "உங்ககூட ஆடலாமுங்களா?"

"எனக்கு ஒரு பார்ட்னர் இருக்காங்களே. ஹாரிகா. ரெண்டு பேரும் ஒட்டுக்காத்தான் எப்பவும் ஆடறது" என்றான், ஒன்றுமே நடக்காத மாதிரி.

ஹாரிகா.

அந்தப் பெயர் அன்றிரவு சாப்பாட்டில் கல்லாகக் கிடந்தது. யாராகவோ இருந்துவிட்டுப் போகட்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் எதற்காக மூன்று சுடிதாரை மாற்றினாள் என்று மட்டும் யாரும் அவளைக் கேட்காதிருந்தால் சரி.

காப்பிக்கடை மாடியில் ஜன்னலோர மேசையில் உட்கார்ந்திருந்தாள் ஹாரிகா. கழுத்தளவு வெட்டிய முடி. மாங்காய் நிறத்தில் கைத்தறிச் சேலை. அந்தச் சேலைக்கு அந்த முடி எப்படிப் பொருந்தியது என்று எரிச்சல் வரும் அளவுக்குப் பொருந்தியிருந்தது. சிரித்தால் கன்னம் குழிந்தது. எல்லாம் போகட்டும். கதிர்வேல் அவள் பக்கம் தலையைச் சாய்த்துக் கேட்ட விதம்தான் லோகப்பிரியாவின் நெஞ்சில் முள்ளாக ஏறியது. அவள் ஏதோ சொல்கிறாள். அவன் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டு காத்திருக்கிறான். அவசரமே இல்லாமல், உலகத்தில் வேறு வேலையே இல்லாத மாதிரி...

'எங்கிட்ட பேசறப்ப பாதியிலேயே சிரிச்சுப்போடற ஆளு. அவ பேசறதை மட்டும் இப்படிக் கேக்கத் தெரியுது.'

லோகப்பிரியாவுக்கு ஜோடியாக அமைந்தவர் கடைக்காரர் அனீஸ்தான். கோட்டைமேட்டுக்காரர். தாடிக்குள்ளேயே சிரிக்கிற மனிதர். "அம்மணி, நம்ம காகிதம் இங்க இருக்கு. நீங்க அந்த மேசையையே பாத்துட்டிருந்தா நான் தனியா என்ன பண்றது?" என்றார்.

"அங்க எத்தனை வார்த்தை எழுதியிருக்காங்கன்னு பாத்தேனுங்க."

"பாருங்க பாருங்க" என்றார்.

வாரா வாரம் இப்படியே போனது. பஸ்ஸில் அவன் அவளுடையவன். ஞாயிற்றுக்கிழமை ஆகிவிட்டால் ஹாரிகாவுடையவன். அந்த மேசைப் பக்கம் போய் லோகப்பிரியா ஒரு தடவைகூடப் பேசியதில்லை. திங்கட்கிழமை அவன் சூலூரில் ஏறியதும் சாதாரணமாகக் கேட்பதுபோலக் கேட்பாள். "நேத்து உங்க பார்ட்னரு ஏதோ சொன்னாங்க, அப்படிச் சிரிச்சீங்க?"

"அதுங்களா... ஒரு நாயைப் பத்தி."

"நாயைப் பத்தியா அவ்வளவு நேரம் பேசினீங்க?"

"நேரமாகுங்க" என்றான். நேரமாகுமாம். ஆகாதா பின்னே.

மழை விட்டு, மறுபடி பிடித்துக்கொண்ட மாதத்தில் அனீஸ் ஒரு செய்தி சொன்னார். பெங்களூரில் ஒரு பெரிய போட்டி. கோவையிலிருந்து ஒரே ஒரு ஜோடிக்குத்தான் இடம். வரும் ஞாயிறு ஆட்டத்தில் ஜெயிக்கிறவர்கள் போகலாம். வாரம் ஒருவர் எழுத்துகளைத் தேர்ந்தெடுத்து, செல்லுபடியாகும் வார்த்தைகளின் பட்டியலையும் தயார் செய்வது அங்கே வழக்கம். அந்த வாரம் லோகப்பிரியாவின் முறை. எழுத்து வைப்பவர் ஆடக்கூடாது. அவர் பட்டியலே முடிவு. பட்டியலில் விட்டுப்போன நல்ல வார்த்தையை யாராவது சொன்னால், சேர்ப்பதும் தள்ளுவதும் அவர் கையில்.

சனிக்கிழமை உட்கார்ந்து எழுத்துகளை அடுக்கினாள். எம், ஓ, பி, ஐ, எல், ஈ... நடுவில் ஸெட். ஏழெழுத்தும் வருவது 'மொபிலைஸ்'. கூடவே 'ஸோம்பி', 'ஊஸ்', 'பெஸல்'. அப்புறம், யாருக்கும் சட்டென்று தோன்றாத ஒன்று... 'மிஸில்'. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இந்த ஏழெழுத்தையே பிடித்தாள். பட்டியலில் அதை வேண்டுமென்றே எழுதவில்லை. அவன் எழுந்து கேட்கவேண்டும். எல்லோர் முன்னாலும் கேட்கவேண்டும். அவள் சரிங்க என்று சேர்த்துக்கொள்ளவேண்டும். இருவருக்கு மட்டும் தெரிந்த ஒரு விஷயம், அத்தனை பேர் நடுவில், அவர்களுக்குள் மட்டும்... நினைத்துக்கொண்டே தூங்கிப்போனாள்.

மறுநாள் நேரம் முடிந்து காகிதங்களை வாங்கினார்கள். எழுத்துக்கு ஒரு புள்ளி என்ற கணக்கில், ஹாரிகா, கதிர்வேல் ஜோடி வடவள்ளியிலிருந்து வந்த ஒரு கணவன் மனைவி ஜோடியைவிட இரண்டே புள்ளி முன்னால் நின்றது. அனீஸ் ஹாரிகாவின் காகிதத்தைக் கண்ணருகே பிடித்தார்.

"இதுல ஒண்ணு லிஸ்ட்ல இல்லையேம்மா. மிஸில். ஹாரிகா எழுதியிருக்காங்க."

லோகப்பிரியா பார்த்தாள். சாய்ந்த, அழகான பெண் கையெழுத்து.

யாருக்கும் தரமாட்டேன் என்றானே.

கொடுத்துவிட்டான். பஸ்ஸில், மழை ஒட்டிய கண்ணாடியோரம் அவள் கொடுத்ததைக் கொண்டுபோய் ஹாரிகா கையில் கொடுத்துவிட்டான். வாய் தானாகத் திறந்தது.

"அப்படி ஒரு வார்த்தை நான் கேள்விப்பட்டதில்லீங்க. சேர்க்க முடியாது."

ஹாரிகா எழுந்தாள்.

"அது... ம-மழை... சா... சா..."

வார்த்தை திக்கி நின்றுவிட்டது. கழுத்து நரம்பு புடைத்தது. யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். ஹாரிகாவின் விரல்கள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டன. கதிர்வேல் அவளுக்காக அந்த வார்த்தையைச் சொல்லி முடிக்கவில்லை. தலையைச் சாய்த்து, அவள் முகத்தைப் பார்த்தபடி, அவசரமில்லாமல் காத்திருந்தான்.

அப்போதுதான் லோகப்பிரியாவுக்குப் புரிந்தது. அவன் அத்தனை ஞாயிறும் அப்படிச் சாய்ந்து கேட்டது எதற்கென்று.

ஹாரிகா லேசாகச் சிரித்து, பரவாயில்லை என்று கையை ஆட்டிவிட்டு உட்கார்ந்துகொண்டாள்.

அந்த நிமிஷமே லோகப்பிரியா சொல்லியிருக்கலாம். எனக்குத் தெரியும், அது சரியான வார்த்தை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வறட்டுப் பிடிவாதம் அதை மென்று விழுங்கிவிட்டது. வடவள்ளி ஜோடிக்குக் கைதட்டினார்கள்.

படியிறங்கும்போது கதிர்வேல் அருகில் வந்தான். கண்களில் சிரிப்பு இல்லை.

"மிஸில் உங்களுக்குத் தெரியாதுங்களா?"

பதிலுக்காக அவன் நிற்கவில்லை.

திங்கட்கிழமை சூலூரில் அவன் ஏறவில்லை. செவ்வாயும் இல்லை. அடுத்த ஞாயிறு அவள் காப்பிக்கடைக்கும் போகவில்லை. 'குடுத்தது அவன் தப்பு' என்று மனசுக்குள் வாதாடிப் பார்த்தாள். கொஞ்ச தூரம் போய் அந்த வாதம் நின்றுவிடும். அங்கே மேசை விளிம்பைப் பிடித்த விரல்கள் தெரியும். மருத்துவமனையில் எழுத்துப் பலகையைக் காட்டி, "மெதுவாச் சொல்லுங்க, அவசரமில்லீங்க" என்று நோயாளிகளிடம் சொல்லும்போதெல்லாம் அவளுக்கே கூசியது.

கடைசியில் ஹாரிகா வேலை பார்க்கும் இடத்தை அனீஸிடம் கேட்டுச் சாயிபாபா காலனிக்குப் போனாள். ஹாரிகா ஒரு கால்நடை மருத்துவர் என்பதே அப்போதுதான் தெரிந்தது. வரவேற்பில் இருந்த பெண் தலைநிமிராமல் கேட்டாள்.

"நாயா, பூனையாங்க?"

"ஒண்ணுமில்லீங்க. நான் மட்டும்தான்."

ஒரு கிழட்டு லேப்ரடாருக்கும், கூண்டுக்குள் முறைத்துக்கொண்டிருந்த கிளிக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தாள். கூப்பிட்டார்கள். ஹாரிகா மேசைமேல் ஒரு பூனையின் காதில் மருந்து விட்டுக்கொண்டிருந்தாள். ஆச்சரியப்பட்ட மாதிரித் தெரியவில்லை.

"உ-உக்காருங்க."

லோகப்பிரியா உட்காரவில்லை. "மிஸில் சரியான வார்த்தைங்க. அன்னைக்கே தெரியும். தெரிஞ்சுதான் தள்ளினேன்."

"ஏன்?"

"அது நான் கதிர்வேலுக்குச் சொன்ன வார்த்தை. அவரு உங்களுக்குக் குடுத்துப்போட்டாருன்னு..."

ஹாரிகா பூனையைத் தடவிக்கொண்டே இருந்தாள். அப்புறம் மெதுவாக, இடையிடையே நின்று, சொன்னாள். "அவர் குடுக்கலை. நா-நானாத்தான் கண்டுபிடிச்சேன். எழுதப் போனப்ப என் பேனாவைப் புடிச்சுகிட்டார். இது மட்டும் வேண்டாம்னார். ஏன்னு கேட்டேன்... சொல்லலை. நல்ல வார்த்தையை எ-எதுக்கு விடணும்னு நான்தான் எழுதினேன்."

லோகப்பிரியாவுக்கு இப்போது நாற்காலி தேவைப்பட்டது.

"என்மேல கோவமுங்களா?"

"ஆமா. நெறைய. போ-போட்டிக்காக இல்லை. அத்தனை பேர் முன்னாடி எந்திரிச்சு நின்னு பேசறது எனக்கு எவ்வளவு பெரிய விஷயம்னு உ-உங்களுக்குத் தெரியாது." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். "உங்களைப் பாத்து எனக்கும் பொறாமைதான். எவ்வளவு வேகமாப் பேசறீங்க. தடையே இல்லாம. அந்தப் பேச்சை வெச்சுத்தான் என்னை உக்கார வெச்சீங்க."

லோகப்பிரியா தலை குனிந்தாள். கண்ணீர் மடியில் விழுந்தது. ஹாரிகா ஒரு பஞ்சுருண்டையை எடுத்து நீட்டினாள்.

"எங்கிட்ட சொன்னா பத்தாது. அ-அங்க வந்து சொல்லுங்க."

ஞாயிற்றுக்கிழமை. ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால் லோகப்பிரியா எழுந்து நின்றாள். கதிர்வேல் தூண் ஓரமாக, அவளைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தான். மற்ற கண்களெல்லாம் அவள் பக்கம் திரும்பின. ஹாரிகா ஒவ்வொரு தடவை எழும்போதும் இப்படித்தான் இருக்குமோ என்று நினைத்தாள்.

"நான் எழுத்து வெச்ச ஆட்டத்துல ஒரு தப்புப் பண்ணிப்போட்டேனுங்க. மிஸில் சரியான வார்த்தை. எனக்கு நல்லாத் தெரியும். ஹாரிகா ஜெயிச்சிருக்கணும். நான்தான் பொய் சொல்லித் தள்ளினேன்."

மாடி சலசலத்தது. வடவள்ளி ஜோடியில் மனைவி கணவரைப் பார்த்தார்.

"எதுக்கும்மா?" என்றார் அனீஸ், மெதுவாக.

"பொறாமைங்க."

"ஒரு வார்த்தை மேலயா?"

பொய் சொல்ல ஒரு வழி இருந்தது. ஆமாம் என்றால் போதும். அவள் அந்த வழியை எடுக்கவில்லை.

"வார்த்தை மேல இல்லீங்க."

யாரும் மேலே கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது. தூணோரம் இருந்தவன் இப்போது நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். அவள் அந்தப் பக்கமே திரும்பவில்லை.

"பேரெல்லாம் பெங்களூருக்கு அனுப்பியாச்சும்மா. இனி மாத்த முடியாது" என்றார் அனீஸ் வருத்தத்தோடு.

"மா-மாத்த வேண்டாம்" என்றாள் ஹாரிகா உட்கார்ந்தபடியே. "அடுத்த வருசம் போ... போறோம்." அந்தக் கடைசி வார்த்தை வரும்வரை எல்லோரும் காத்திருந்தார்கள்.

லோகப்பிரியா பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள். வெளியே மழை. சின்ன மழை இல்லை, ரேஸ்கோர்ஸ் மரங்களெல்லாம் தலைவிரித்து ஆடுகிற மழை. குடை மாடியில் இருந்தது. திரும்பிப் போக மனசில்லாமல் நனைந்துகொண்டே நடந்தாள். பின்னால் காலடிச் சத்தம் கேட்டது.

"ஏனுங்க... நில்லுங்க."

நின்றாள். திரும்பவில்லை. அவன்தான் முன்னால் வந்து நின்றான். கையில் அவள் குடை. விரிக்க மறந்து அவனும் நனைந்திருந்தான்.

"கோவம் போயிருச்சுங்களா?" என்றாள்.

"முழுசாப் போகலீங்க."

"போகாட்டிப் பரவால்லீங்க. ஏன் பஸ்ஸுல வர்றதில்லை?"

"வண்டியிலதான் போறேன். உங்களைப் பாத்தா கோவம் போயிருமேன்னுதாங்க." கண்களில் பழைய சிரிப்பு எட்டிப் பார்த்து, மறைந்தது. "வார்த்தை மேல இல்லைன்னீங்களே... அப்ப எது மேலங்க?"

"தெரிஞ்சுகிட்டே கேக்கறீங்க."

"ஒரு தடவை சொல்லுங்களேன். இங்க யாரும் இல்லீங்க."

மழையில் முகத்தை வழித்துவிட்டுக்கொண்டாள். இனி ஒளித்துவைக்க ஒன்றும் இல்லை.

"நீங்க தலையைச் சாச்சு அவங்க பேசறதைக் கேக்கறப்ப எனக்கு எரியுதுங்க. எதுக்குச் சாயறீங்கன்னு இப்பத் தெரியும். தெரிஞ்சும் எரியுது. எனக்கு உங்களைப் புடிச்சிருக்குது. அளவில்லாம புடிச்சிருக்குது. அதனாலதான் அவ்வளவு கேவலமா நடந்துகிட்டேன்."

அவன் குடையை விரித்து அவள் தலைக்கு மேல் பிடித்தான்.

"புதன்கிழமை அம்மாவைக் கூட்டிட்டு உங்க ஊட்டுக்கு வாரேனுங்க."

"பொண்ணு பாக்கறதுக்குங்களா?"

"பாத்தாச்சுங்க. கேக்கறதுக்கு. உங்கப்பாகிட்ட."

"எங்கப்பாகிட்டக் கேப்பீங்க. எங்கிட்ட யாரு கேக்கறது?"

ஒரு கார் தண்ணீரை வாரியடித்துக்கொண்டு போனது. இருவரும் நகரவில்லை. இத்தனை நாளில் ஒரு தடவைகூட 'ங்க' போடாமல் அவளிடம் பேசாதவன், அவள் கண்களை நேராகப் பார்த்துக் கேட்டான்.

"லோகு... என்னைக் கட்டிக்கிறியா?"

அந்த ஒருமை அவள் உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை இறங்கியது.

"கட்டிக்கிறேன்" என்றாள். உடனே, மூச்சுவிடாமல் தொடர்ந்தாள். "ஆனா அடுத்த வருசம் ஹாரிகாகூட நீங்கதான் பெங்களூர் போகணும். போய் ஜெயிச்சுட்டு வரணும். நீங்க போற அன்னைக்கு எனக்குப் பொறாமை வரும். வந்தே தீரும். இப்பவே சொல்லிப்போட்டேன்."

"வரட்டும்" என்றான் கதிர்வேல்.